மிஷின் ஓடும் வரைக்கும்

விழுப்புரத்தில் ஒரு ரிப்பேர் பட்டறையில் நான் இன்ஜின் வேலை கற்றுக்கொண்டேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மிஷின்கள் எங்கள் பக்கம் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. திண்டிவனத்துக்கு வெளியே நிலபுலன் உள்ள ஒருவர், தன் களத்தின் ஓரத்திலேயே கொட்டகை போட்டு, ஆயில் இன்ஜின் ஒன்றையும் உடைக்கிற மிஷின் ஒன்றையும் கொண்டுவந்து இறக்கினார். ஓட்டுவதற்கு என்னை அழைத்துக்கொண்டார். அரைக்கால் சட்டை போட்டிருந்ததால் அங்கே எனக்கு மரியாதை ஜாஸ்தி. அதில் துணி எவ்வளவு, எண்ணெய்க் கறை எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை.

நிலத்துக்காரரை எல்லோரும் ஆண்டை என்பார்கள். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். வேறு எங்கோ ஒரு மிஷினில் ஒருவனுடைய வேட்டி பெல்ட்டில் சிக்கிக் கால் போய்விட்டதாகச் சந்தையில் கேள்விப்பட்டு வந்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. நேரே கொட்டகைக்கு வந்தார்.

"இன்னியிலருந்து எவனும் வேட்டியைத் தொங்கவிட்டுக்கினு இங்க நிக்கக் கூடாது. முழங்காலுக்கு மேல மடிச்சு இறுக்கிக் கட்டணும். பொம்பளைங்க முந்தானையை இழுத்துச் செருகிக்கணும்."

உருப்படியான உத்தரவு. எனக்கே அவர்மேல் மதிப்பு கூடிவிட்டது.

மிஷின் வாயில் கூடை கூடையாக மல்லாட்டை கொட்டுகிறவர் ஒருவர் இருந்தார். பெல்ட்டை ஒட்டிய பலகைமேல் நின்று செய்கிற வேலை. தலைமுறை தலைமுறையாக ஆண்டையின் நிலத்தில் உழைத்த குடும்பம். சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. வயலில் கோவணத்தோடு நின்றவர், மிஷின் வேலை கிடைத்ததும் கௌரவத்துக்காக வேட்டிக்கு மாறியிருந்தார். கோவணத்தையே விடாமல் இருந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருக்காது.

உத்தரவு நடக்கிறதா என்று பார்க்க ஆண்டை அடிக்கடி வந்தார். வினையே அதில்தான் இருந்தது. ஆண்டை எதிரே வந்தால் மடித்த வேட்டியை இறக்கிவிட்டு, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்துவிடும். அவர் தலை வாசலில் தெரிந்ததும் கொட்டகையில் எல்லா வேட்டியும் சரசரவென்று இறங்கும்.

"டேய், மடிச்சுக் கட்டுன்னு சொன்னேனா இல்லியா?" என்று கத்துவார்.

"ஆவட்டும் ஆண்டே" என்பார்கள் பணிவாக. பணிவு என்றால் வேட்டி கீழேதான். அவர் போனதும் எல்லாம் மறுபடி மேலே ஏறும். அவர் எட்டிப் பார்க்காத நேரத்தில் எங்கள் கொட்டகையைப் போலப் பத்திரமான இடம் ஜில்லாவிலேயே கிடையாது.

கூடை கொட்டுகிறவரிடம் நான் சொல்லிப் பார்த்தேன். "அவரே சொல்றாரே, இறக்காம நில்லுங்களேன்."

"நீங்க டவுசரு போட்டுக்கினு பேசறீங்க டிரைவரே. மடிச்ச வேட்டியோட அவரு முன்னால நின்னா, நாளைக்கு என் பொண்டாட்டி புள்ளைங்க எங்க போய் நிக்கும்?"

டவுசரைத் துடைத்துக்கொண்டு இன்ஜினிடம் போனேன்.

ஒரு நாள் ஆண்டை, கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று பின்வாசல் வழியாக வந்தார். பலகையில் நின்றவர் திரும்பிப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு மடிப்பை அவிழ்த்தார். விழுந்த நுனியைப் பெல்ட் பிடித்துக்கொண்டது. அவர் கொட்டகைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறினார். நான் மூங்கில் கழியால் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளி விடுவதற்குள் வேட்டி கிழிந்து போயிருந்தது, முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. நைந்த வேட்டி, அதனால் கிழிந்தது. புதுசாக இருந்திருந்தால் கால் போயிருக்கும்.

ஆண்டை பயந்துபோனார். அந்தப் பயம் கோபமாக வெளியே வந்தது. "மடிச்சுக் கட்டுன்னு எத்தினி வாட்டிடா சொல்றது?"

ரத்தம் வழிகிற காலோடு அவர் கைகட்டி நின்றார். "கட்டிக்கினுதான் இருந்தேன் ஆண்டே. நீங்க வந்துட்டீங்க."

குத்திக்காட்டவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். வாயில் வந்ததில் முக்கால்வாசியை விழுங்கிவிட்டு, "ஐயா, இங்க பெல்ட்டைவிட நீங்கதாங்க பெரிய பேஜாரு" என்றேன். புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று முறத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். ஆண்டை வந்த பின்வாசல் வழியாகவே போய்விட்டார். என் வேலையும் கூடவே போய்விட்டது என்று நினைத்தேன்.

போகவில்லை. காயம் ஆறி அவர் பலகைக்குத் திரும்பிய அன்று ஆண்டை வந்தார், முன்வாசல் வழியாக. தன் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். அந்தக் கால்களை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. வெயிலும் பார்த்திருக்காது. நாலு பேர் முன்னால் துணி மாற்றிவிட்ட குழந்தைபோலக் கூச்சத்தோடு நின்றார்.

"மிஷின் ஓடற வரைக்கும் எவனும் எனக்காக வேட்டியை இறக்க வாணாம்."

பலகையில் இருந்தவரின் கை இடுப்புக்குப் போய்விட்டிருந்தது. அங்கேயே நின்றது. "மிஷின் நின்னுட்டா இறக்கிக்கறேன் ஆண்டே."

"ஆமா, பின்ன?" என்றார் ஆண்டை. அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

கை மெல்ல விலகிக் கூடையை எடுத்தது. ஆண்டையின் கண்முன்னால், மடித்த வேட்டியோடு, தழும்பு தெரிகிற காலோடு அவர் மல்லாட்டையைக் கொட்டினார். முதலில் குனிந்தபடி கொட்டினார். போகப் போக முதுகு நிமிர்ந்தது. பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கடைசிக் கூடையும் தீர்ந்தது. ஆண்டை போகிற வழியாக இல்லை. நான் இன்ஜினை நிறுத்தவில்லை.

"என்னப்பா டிரைவரு, மல்லாட்டைதான் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு ஓடிக்கினு இருக்குது?"

"சூடு ஆறணும்ங்க ஐயா" என்றேன். ஓடினால் சூடு ஏறும் என்பது ஆண்டைக்குத் தெரியாது. பலகைமேல் நின்றவருக்குத் தெரியும். காலிக் கூடையைப் பிடித்துக்கொண்டு, வேட்டியை இறக்காமல், இறங்காமல் நின்றுகொண்டிருந்தார்.