பாயின்ட் டூ காட்டிய காயில்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். திருச்செங்கோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் மோட்டார் காயில் கட்டத் தொடங்கி, இன்று இரண்டு பட்டறை, மாடி வீடு, பத்துப் பேருக்கு வேலை என்று நிற்கிறேன். கம்பியின் மின்தடையை அளக்கும் ஓம் மீட்டர் பார்க்க எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

போர்வெல் கம்பெனி மேனேஜர் ஒருவர் பட்டறைக்கு மோட்டார் கொண்டுவருவார். வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. தடை செய்த சாமான் என்று தெரிந்தும், பேட்டரியில் ஓடும் சிகரெட் ஒன்றை வைத்திருந்தார். ஒவ்வொரு முறை இழுக்கும் முன்பும் அதன் உள்ளே சூடாகும் குட்டிக் காயிலின் ஓம் கணக்கை அதில் பார்த்து, எல்லாம் புரிந்தவர் போலத் தலையை ஆட்டிக்கொள்வார்.

வழக்கமாகப் பாயின்ட் ஃபைவ் காட்டுவது ஒருநாள் பாயின்ட் டூ காட்டியது.

“ஓம் கொறஞ்சா பொக நல்லா வருமுங்க” என்று வாயில் வைக்கப் போனார்.

“கீழ வைங்க சாமி! அதே காயில்ல ஓம் எப்படிங்க தானா கொறையும்? உள்ள எங்கயோ ஷார்ட்டு. பேட்டரி வெடிச்சா மூஞ்சி போயிருமுங்க.”

“இதென்ன மோட்டாருங்களா? உங்களுக்கு என்னங்க தெரியும்?”

பிடுங்கிப் பிரித்தேன். காயில் கம்பியின் ஒரு முனை உலோகச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு மாட்டினேன், பாயின்ட் ஃபைவ் வந்தது. அவர் முகம் வெளுத்தது.

மறுவாரம் நான் டீக்கடைக்குப் போனபோது, அங்கே லாரி டிரைவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “நம்பரப் பாத்ததுமே ஷார்ட்டுன்னு புடிச்சுட்டேன். கட்டிங் பிளேயர் மட்டும் இவருகிட்ட வாங்கினனுங்க.” என்னைக் கைகாட்டினார்.

நான் காப்பாற்றிய வாய் அது. அந்த வாயாலேயே, அதே டீக்கடையில், அதே டிரைவர்கள் முன்னால், ஷார்ட்டைக் கண்டுபிடித்தது நான்தான் என்று அவர் சொல்லியாக வேண்டும்.