முதல் துடுப்பு லூர்துமேரி

செவ்வாய்க்கிழமை காலை மந்தாரக்குப்பம் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதுதான் சேதி வந்தது. "லூர்து போயிட்டாங்களாம்க்கா, நெஞ்சு வலியாம்" என்றாள் முன்னால் நின்றவள். எனக்கு உடனே அழுகை வரவில்லை. என் பேத்தி வெண்ணிலா இதற்கு எப்படி அழுவாள், நான் செத்தால் இவ்வளவு அழுவாளா என்றுதான் முதலில் தோன்றியது. அதை மறைத்துவிட்டு லூர்துமேரி அவர்களைப் பற்றி எழுதினால் எழுதுவதே பொய்யாகிவிடும்.

எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவர்களுடையது. கடலூர்ப் பக்கம் மீனவர் குப்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். நிலக்கரிச் சுரங்க நகரியத்தில் தோட்ட வேலை, காண்ட்ராக்ட் கூலி. ஐம்பது வயதுக்கு மேல், கடலூர் உப்பங்கழியில் பெண்களுக்குப் படகுப் போட்டி பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார். சுரங்கத்தில் அப்ரண்டிஸாக வேலை பழகிக்கொண்டிருந்த என் பேத்தியும் அதில் ஒருத்தி.

ஒல்லியான நீளப் படகு அது. சாயாமலிருக்க ஒரு பக்கம் கழிகளில் மிதவை கட்டியிருக்கும். ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். முதலில் இருப்பவர் போடும் வேகத்துக்குத்தான் மற்றவர்கள் துடுப்புப் போடுவார்கள். அந்த இடம் லூர்துவுக்கு. அவர் முதுகைப் பார்த்தபடி வெண்ணிலா.

ஒரு ஞாயிறு நானும் போய்க் கரையில் நின்றேன். ஆறு துடுப்பும் ஒரே சத்தமாக விழுந்தன. "ஷிப்ட்!" என்று ஒரு குரல் வந்தால் ஆறு பேரும் அதே நொடியில் பக்கம் மாற்றினார்கள். படகு தண்ணீரைத் தொடாமல் பறப்பதுபோல் இருந்தது. தொப்பலாக நனைந்து, வீட்டில் நான் கேட்டே இராத சிரிப்பு ஒன்று சிரித்தாள் என் பேத்தி.

"மங்கைக்கா, நீங்களும் ஏறுங்க. ஒடம்பு வலியெல்லாம் தண்ணி வாங்கிக்கினு போயிடும்" என்றார் லூர்து.

"எனக்கு வூட்ல வேல கெடக்குது" என்றேன். ஏற ஆசையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் "லூர்தம்மா சொன்னாங்க"தான்.

"அப்ப அங்கயே போயி சோறு துன்னு" என்றேன் ஒருநாள்.

"துன்னுட்டுதான் வந்தேன் ஆயா. அங்க கொழம்புல உப்பு இருந்துச்சி."

முதல் போட்டிக்குக் கிளம்பும் நாளில், தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொண்டேன். பேத்தியை அழைக்க வந்த லூர்து என் நெற்றியில் கை வைத்தார். வெண்ணிலாவை வெந்நீர் வைக்க அனுப்பிவிட்டுக் குனிந்தார்.

"நல்லாத்தான் நடிக்கிறீங்க. ஒங்க பேத்திய நான் தூக்கிக்கினு போயிட மாட்டேங்க்கா."

பிறகு உள்ளே பார்த்து, "ஆயாகூட இரு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறாவது ஆள் இல்லாததால் அவர்கள் ஐந்து பேரைப் போட்டியில் சேர்க்கவில்லை. போன பஸ்ஸிலேயே திரும்பினார்கள்.

"கெழவி வேஷம் போடுது" என்று குழுவிலிருந்த கலா தெருவில் நின்று கத்தினாள்.

"நானே தொட்டுப் பாத்தேன் கலா, நெருப்பா கொதிச்சிது" என்றார் லூர்து. சாயங்காலம் காய்ச்சல்காரர்களுக்கு வாங்கும் பன்னும் பாலும் கொண்டுவந்து, ஐந்து பேர் முன்னாலும் என்னைச் சாப்பிட வைத்தார். காய்ச்சல்காரியைப் போலவே மெதுவாக மென்று தின்றேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

அடுத்த வருடம் இரண்டாவதாக வந்தார்கள். என் பேத்தி தன் பதக்கத்தைக் கழற்றி லூர்துவுக்குப் போட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பதக்கத்தோடுதான் அவரை அடக்கம் செய்தார்கள்.

கலா, மற்றப் பெண்களே, அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. உங்கள் போட்டியைக் கெடுத்தவள் நான். அவர் எனக்காகப் பொய் சொன்னார், கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னால் அப்படி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க முடியாது.

வரும் ஞாயிறு முதல் இடத்தில் வெண்ணிலாதான் உட்கார வேண்டுமாம். அவளுக்கு அந்த இடம் வேண்டும் என்று எத்தனை நாள் மனசுக்குள் கேட்டிருப்பேன்! நேற்று அவள் என் மடியில் தலை வைத்து, "எனக்கு முன்னாடி யாருமில்லாம நான் எப்பிடி ஆயா போடுவேன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும் லூர்து. அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

போய் வாருங்கள்.