மஞ்சள் வரி தேவராஜ்

லேப்டாப்பை ஆன் செய்தால் திரையில் படம் வரும்வரை தேவராஜ் பொறுப்பதில்லை. ஒரு விசையைத் தட்டி, மெஷின் தன் நடப்பையெல்லாம் குறித்துக்கொண்டே போகும் லாக் வரிகளை வெளியே இழுத்துவிடுவார். வெள்ளை வரிகளை மதிக்கமாட்டார். மஞ்சள் எச்சரிக்கை வந்ததும் விரல் நிற்கும். "தோ, வந்துட்டாருய்யா தொரை! இன்னாத்துக்கு இப்ப உனுக்குக் கோவம்?"

ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை. நெற்றி நிறைய விபூதி, சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர், காலில் ரப்பர் செருப்பு. ஷாக் அடிக்கும் என்று அந்தச் செருப்பைக் கடைக்குள் கழற்றவே மாட்டார்; சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டும்போதும் அது காலில்தான். ரிப்பேருக்கு வரும் மெஷின் "இன்னா பண்ணுது?" என்று கேட்கமாட்டார். "இன்னா சொல்லுது?" என்றுதான் கேட்பார்.

அது சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஒரே புலம்பல். தயாரித்தவர்கள் போர்டில் ஏற்றி அனுப்பிய ஃபர்ம்வேர், மின்சார விஷயத்தில் தப்புத் தகவல் தருகிறது என்று மெஷினை ஓட்டும் லினக்ஸ் குறை சொல்லும். சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். எல்லா மெஷினிலும் வருவதுதான், விட்டுத்தள்ளுங்கள் என்று நானும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவன் பேச்சு எடுபடுமா?

"வூட்ல பொண்டாட்டி மொணமொணன்னா ஒண்ணும் இல்லன்னு வுட்ருவியா சார்?" என்றார்.

தன் கடை லேப்டாப்பில் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தார். பேட்டரியை மாற்றினார். ஒரு மஞ்சள் வரி போய் இரண்டு வந்தன. மனுஷன் நொந்துபோய்ப் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போய், ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் வைத்த அம்மன் படம் ஒன்று வாங்கி வந்தார். மறுநாள் காலை நான் போனபோது அதை டச்பேடுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். டப்பென்று ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா சார், ஆத்தாவே எடம் புடிச்சுட்டா!" செருப்புக் காலோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அருணாவுக்கு அந்த லேப்டாப்பில் இன்டர்வியூ. நர்சிங் முடித்த பெண். வேலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. அவர்கள் ஊரில் சிக்னல் கிடையாது என்று அம்மா குப்பம்மாவோடு பஸ் ஏறி வந்திருந்தாள். இதுவும் கைவிட்டுப்போனால் படித்ததை மூட்டை கட்டிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகவேண்டியதுதான். ஊர்ப் பெண்கள் போகிற வேனில் அவளுக்கும் இடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

திரையில் டாக்டரம்மா வந்து, "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார். திரை இருண்டது.

பட்டனை அமுக்கினால் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தூங்கியது. அந்த இடைவெளியில் தேவராஜ் லாக்கைத் திறந்து படித்துவிட்டார். மூடி மூடப்பட்டது, அதனால் தூங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தது.

"மூடியா? தொறந்துதானடா கெடக்குது, கண்ணு அவிஞ்சு பூட்ச்சா?" மூடியை இன்னும் பின்னால் சாய்த்து, மேசையோடு மேசையாகப் படுக்கவைத்தார். அப்போதும் தூங்கியது. "ஃபர்ம்வேர்தான் சார்! அப்பவே சொன்னேன். பச்சப் பொய் எய்துறான்!"

சொன்ன குரலில் கவலையைவிடச் சந்தோஷம் கூடுதலாக இருந்ததோ என்று எனக்கு எரிச்சல் வந்தது. அருணா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

குப்பம்மாவுக்கு லாக் தெரியாது, சாமி தெரியும். "தாயே, எம் பொண்ணக் காப்பாத்து" என்று அம்மனைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரை பளிச்சென்று எழுந்தது. பயபக்தியோடு திருப்பி வைத்தார். இருண்டது. பதறி எடுத்தார். எழுந்தது.

தேவராஜ் வாயைப் பிளந்தார். மூடிக்குள் ஒரு காந்தம் உண்டு. அது கீழே டச்பேடு பக்கம் இருக்கும் சென்சாரை நெருங்கினால்தான், மூடிவிட்டார்கள் என்று மெஷினுக்குத் தெரியும். ஆத்தா தன் காந்தத்தோடு இடம் பிடித்தது சரியாக அந்த சென்சார் மேலேதான்.

"யக்கா, கீய வெக்காத! எடுத்துக்கினு தூரமா போ!"

"எவ்ளோ தூரம்டா?"

"ரோட்டுக்கே போயேன்!"

குப்பம்மா அம்மனைத் தலைக்குமேல் ஏந்திக்கொண்டு நடுரோட்டில் நின்றார். போளூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், விவரம் கேட்காமல் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் காசு போடத் தட்டைத் தேடினார்.

மறுபடி திரையில் வந்த டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் அருணா பட்பட்டென்று பதில் சொன்னாள். கடைசியில், "அடுத்த மாசம் வந்து சேந்துடுங்க" என்றார் அவர். அருணா அம்மாவிடம் ஓடினாள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

தேவராஜ் மட்டும் எழுந்திருக்கவில்லை. லாக்கை மேலே தள்ளி, 'மூடி மூடப்பட்டது' என்ற வரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். "ஒரு வரி கூடப் பொய் எய்தல சார்" என்றார்.

பிறகு எழுந்து, ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, லேப்டாப்பைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.