கருத்துக்குக் கூலி வாங்கிய ஜீப் டிரைவர்

கம்பம் புதுப்பட்டி கர்ணன் சொந்தமாக ஜீப் வைத்து ஓட்டுகிறார். விடிந்ததும் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறுவார். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்தில் எட்டு மணிக்குள் அவர்களை இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குக் காய் எடுத்து முடிந்ததும் திரும்பக் கூட்டி வர வேண்டும். இடைப்பட்ட எட்டு மணி நேரமும் அவருக்கு வேலை கிடையாது. சும்மா கீழே போய் வந்தால் டீசல் கட்டாது. அதனால் பதினாறு வருஷமாக ஜீப்பிலேயே கிடந்தார். தூங்குவார், மற்ற டிரைவர்களோடு சீட்டு ஆடுவார், மழை பெய்தால் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வருஷம் ஆனி மாதம் பெனிஷா என்றொரு பெண் வேலைக்கு வரத் தொடங்கினாள். பி.காம் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். அவள்தான் கர்ணனின் போனில் அந்த இணையதளத்தைத் திறந்து கொடுத்தாள்.

"அண்ணே, தூங்குற நேரத்துல இதுல கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் பாயிண்ட் தருவாக. ரெண்டாயிரத்தி ஐந்நூறு சேந்துச்சுன்னா இருநூத்தம்பது ரூவாய்க்குக் கூப்பன்."

தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறையின் மேல்தான். கர்ணன் அதில் ஏறி உட்கார்ந்தார். முதல் பக்கத்திலேயே, 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று போட்டிருந்தது. அதை இரண்டு தரம் படித்தார். இத்தனை வருஷத்தில் தோட்டத்து சூப்பர்வைசர் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, 'இன்னைக்கு எத்தனை பேரு?' என்பதுதான். கருத்தென்று எவரும் அவரிடம் கேட்டதில்லை.

முதல் நாள் பற்பசையைப் பற்றிக் கேட்டார்கள். நுரை எப்படி, மணம் எப்படி, விலை எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும். கர்ணன் யோசித்து யோசித்துப் போட்டார். முப்பது பாயிண்ட் விழுந்தது. சாயங்காலம் இறங்கும்போது பதினோரு பேரிடமும் சொல்லிவிட்டார்.

இரண்டாம் நாளே சிக்கல் வந்தது. பன்னிரண்டு நிமிஷம் பதில் சொன்ன பிறகு, 'கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை விமானத்தில் பயணம் செய்தீர்கள்?' என்று கேட்டார்கள். 'ஒருமுறையும் இல்லை' என்பதைத் தொட்டார். 'மன்னிக்கவும், இந்த ஆய்வுக்கு நீங்கள் பொருந்தவில்லை' என்று வந்தது. பாயிண்ட் இல்லை. மறுநாள் ஏசி இல்லாததால் பொருந்தவில்லை. அதற்கு மறுநாள் நாய் வளர்க்காததால் பொருந்தவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவர் பொய் சொல்லத் தொடங்கினார். போனுக்குள் அவர் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனி மேனேஜர். வீட்டில் இரண்டு கார். மாதம் ஒரு தரம் விமானம். ஒரு பூனையும் உண்டு. அதற்கு டப்பாவில் அடைத்த தீனி வாங்கிப் போடுகிறார். இப்போது பாயிண்ட் மளமளவென்று ஏறியது. இதையும் ஜீப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

பெண்களின் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவர் ராஜாத்தி. ஐம்பது வயதிருக்கும். காலையில் ஜீப்பில் ஏறும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"ஏலே கர்ணா, பூனை சாப்புட்டுச்சாலே?"

"சாப்புட்டுருச்சுக்கா. நீங்க ஏறுங்க."

"ரெண்டு காரு வச்சிருக்க மேனேஜரு எதுக்குய்யா ஜீப்பு ஓட்டுறாக?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். ஜீப்பே குலுங்கும்.

இரண்டாயிரத்து நானூற்றுப் பத்துப் பாயிண்ட் சேர்ந்த அன்று கணக்கை முடக்கிவிட்டார்கள். பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றனவாம். பெனிஷா பழசையெல்லாம் கேட்டுப் பார்த்தாள். திங்கட்கிழமை மூன்று பிள்ளைகள் என்று சொன்னவர், புதன்கிழமை கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லியிருந்தார். கர்ணனுக்குக் காசு போனதைவிடப் பொய்யில் மாட்டிக்கொண்டதுதான் கூச்சமாக இருந்தது.

அடுத்து வேறொரு இணையதளம் ஆசை காட்டியது. நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் கட்டி 'தங்க உறுப்பினர்' ஆனால் தினம் ஐந்நூறு சம்பாதிக்கலாம் என்றார்கள். கர்ணன் கட்டுவதற்குத் தயாராகிவிட்டார். மதியச் சோற்றுக்கு வந்த ராஜாத்தி காதில் அது விழுந்தது.

"வேலை குடுக்குறவன் நமக்குக் காசு குடுப்பானா, நம்மகிட்டக் காசு கேப்பானா? நீ அந்தப் போன இங்கன வையி, மொதல்ல."

கர்ணன் போனை வைத்துவிட்டார்.

மூன்றாவதாக, காசு கேட்காத ஓர் இணையதளத்தில் சேர்ந்து உண்மையை மட்டும் சொல்வதென்று முடிவெடுத்தார். பத்துக்கு ஏழில் பொருந்தவில்லை. மற்ற மூன்றில் இருபது, முப்பது என்று சேர்ந்து, தீபாவளிக்கு முந்தின வாரம் கூப்பன் வந்தேவிட்டது. அதில் மனைவி மகாலட்சுமிக்கு ஒரு மடக்குக் குடை வாங்கினார். ஊதாப் பூப்போட்டது.

"நாலு மாசம் பாறையில உக்காந்து ஒத்தக் குடையா?" என்று மகாலட்சுமி சிரித்தார். ஆனால் மழையில்லாத நாளிலும் அதை எடுத்துக்கொண்டுதான் சந்தைக்குப் போனார்.

பெனிஷா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மணிக்கு நாலு ரூபாய்கூடத் தேறவில்லை.

"அப்ப இது ஆகாத வேலைதான?" என்று கர்ணன் கேட்டார்.

"பொழைக்கணும்னு பாத்தா ஆகாதுண்ணே. தூங்குற நேரத்துல செஞ்சா நட்டமில்ல. ஆனா இதை நம்பி ஒரு நா வண்டிய நிறுத்திறாதீக."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜாத்தி சோற்றுத் தூக்கை மூடினார். "ஊரு பேரு தெரியாதவனுக்கெல்லாம் கருத்துச் சொல்ற. நாங்க பதினோரு பேரும் தெனம் ஒன் வண்டியிலதான் வாரோம். எங்ககிட்ட என்னைக்காச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கியா?"

அவர் கேலியாகத்தான் சொன்னார். கர்ணன் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே ஒரு நோட்டு வாங்கி வந்தார். பெனிஷா உட்கார்ந்து பதினோரு தாளில் எழுதினாள். டிரைவர் ஓட்டுவது எப்படி, சீட் எப்படி, பாட்டு எப்படி, மழைக்குப் படுதா எப்படி. எல்லாவற்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து. கடைசியில், 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?' பேர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பெனிஷா தனியாகக் கேட்டு எழுதினாள்.

தாள்களைக் கர்ணன் பாறைமேல் உட்கார்ந்து பிரித்தார். ஓட்டுவதற்குப் பெரும்பாலும் நாலு போட்டிருந்தார்கள். நெஞ்சு நிமிர்ந்தது. சீட்டுக்கு ஒன்று, முதுகில் கம்பி குத்துகிறது. படுதாவுக்கு ஒன்று. அவர் ஆசை ஆசையாகப் போடும் பாட்டுக்கு இரண்டு.

கடைசிக் கேள்விக்கு ஏழு பேர் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் கம்பம்மெட்டில் பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தினால் அங்குள்ள கழிப்பறைக்குப் போய்விட்டு வரலாம். தோட்டத்தில் அதற்கு இடம் கிடையாது. வீடு போகும்வரை அடக்க வேண்டியிருக்கிறது.

கர்ணன் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பதினாறு வருஷமாக அந்த இடத்தைத் தாண்டித்தான் வண்டியை விரட்டியிருக்கிறார். ஓர் ஆம்பளையிடம் எப்படிக் கேட்பது என்று அவர்களும் கேட்காமலே இருந்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் கம்பம்மெட்டு வந்ததும் ஜீப்பை ஓரங்கட்டினார். "எனக்கு ஒரு டீ குடிக்கணும். பத்து நிமிசம் ஆகும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடைக்கு நடந்தார். பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். அன்றிலிருந்து தினமும் அங்கே அவருக்கு டீ குடிக்க வேண்டியிருக்கிறது.

கார்த்திகைக்குள் சீட்டுக்கு ஸ்பாஞ்சும் பக்கவாட்டில் புதுப் படுதாவும் போட்டாயிற்று. பாட்டைப் பெண்களே முறைவைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மழைநாளில் கர்ணன் இப்போதும் ஒரு மணி நேரம் போனில் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுண்டு. பொருந்தவில்லை என்று வந்தால் சிரித்துக்கொள்கிறார்.

தினமும் புதுப்பட்டியில் இறங்கும்போது ராஜாத்தி ஒரு மார்க் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

"இன்னைக்கு நாலு."

"ஏங்க்கா, ஒண்ணு எங்க போச்சு?"

"அந்த ஏழாவது வளைவுல தூக்கிப் போட்டயே, அங்கன விழுந்துருச்சு. நாளைக்குப் போகையில எடுத்துக்க."