மாதா இல்லாத கோயில்

சும்மா சாப்பிட வந்தவர்கள் என்று எங்களைச் சொன்ன ஊர், தானே ஒரு காலத்தில் போக்கிடமில்லாமல் வந்து சேர்ந்த ஊர். இதைக் கோபமில்லாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. இத்தனை வருடம் கழிந்தும் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஸ்டுட்கார்ட்டில் இருந்து பஸ் மாறிப் போகவேண்டிய சின்ன ஊர் அது. மூடிக் கிடந்த பழைய விடுதி ஒன்றில் இலங்கையில் இருந்து ஓடிவந்த எங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேரை இருத்தியிருந்தார்கள். நான் எண்பத்து நாலாம் ஆண்டுக் கடைசியில் கிழக்கு பெர்லின் வழியாக வந்தேன். எனக்கு எட்டு மாதம் முந்தி வந்த என் கணவரை டோர்ட்முண்ட் பக்கம் அனுப்பியிருந்தார்கள். அகதி வழக்கு முடியும்வரை வேலை செய்யக்கூடாது, அவரவர் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. தாலி கட்டியவர் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார். அவர் என்னோடு வந்து சேர ஓர் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டிருந்தோம். அதற்கு ஒரே ஒரு கடிதம் தேவைப்பட்டது. விடுதியில் ஒரு குடும்பத்துக்கு அறை இருக்கிறது என்று ஊர்த் தலைவர் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் வைக்கவில்லை. விடுதியை மூடி எங்களைத் தூரத்து முகாமுக்கு ஏற்றிவிடச் சொல்லி ஊரில் சிலர் மனுக் கொடுத்திருந்தார்கள். ஐப்பசியில் ஊர்ச்சபை கூடி முடிவெடுக்கும் என்றார் தலைவர். விடுதி போனால் அறை போகும், அன்ட்ராக் திரும்ப அடியில் இருந்து தொடங்கும்.

அந்த ஊர் எனக்கு முதலில் பிடிபடவேயில்லை. பேசுவது ஜேர்மன், ஆனால் வாசல் மணிகளில் பாதிப் பெயர்கள் பிரெஞ்சு. கோயில் இன்னும் புதினம். வெள்ளைச் சுவர், மரவாங்குகள், ஒரு மேசை, அதில் விரித்த வேதப்புத்தகம். சுரூபம் இல்லை, படம் இல்லை, ஒரு மெழுகுதிரிகூட இல்லை. குருநகரில் கத்தோலிக்கராய் ஞானஸ்நானம் பெற்ற எனக்கு அதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. பாவம், ஏழைக் கோயில் போலும் என்று நினைத்தேன்.

வேலை செய்யக்கூடாது என்ற சட்டத்தில், ஊர்ப் பொதுவேலைக்கு மட்டும் எங்களைக் கூப்பிடலாம் என்று ஒரு வசதியான ஓட்டை இருந்தது. அப்படித்தான் அந்தக் கோயிலைத் துடைக்கப் போனேன். எங்கள் ஊரில் கோயிலைத் திறந்து பூட்டித் துப்புரவாய் வைத்திருக்கும் சங்கிலித்தாம் பார்க்கும் வேலையை அங்கே ஐம்பது வயதுப் பெண் ஒருவர் பார்த்தார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கோயில்காரி. மெலிந்த உடம்பு, யன்னல் கண்ணாடியில் விரலால் தேய்த்துப் பார்க்கும் பழக்கம். அடுத்த கிழமை ஊரில் பெரிய விழா என்றும், கோயில் பளபளக்க வேண்டும் என்றும் சொல்லி, ஒரு சனிக்கிழமை கதவுத் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

வாங்குகளை மினுக்கி முடித்து நிமிர்ந்தால், கோயில் மூளியாய்த் தெரிந்தது. விழாவுக்கு ஒரு மாதா இல்லாமலா? விடுதிக்கு ஓடிப்போய் என் லூர்து மாதாவை எடுத்துவந்தேன். ஒரு சாண் உயரம், இடக்கையில் ஒரு விரல் உடைசல். ஆமி எங்கள் வீட்டைக் கொளுத்திய அன்று நான் தூக்கிக்கொண்டு ஓடியது அவவை மட்டும்தான். பால்மாப் பேணிக்குள் துணி சுற்றி, மொஸ்கோ கடந்து, பெர்லின் கடந்து வந்தவ. வேதப்புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து மாதாவை மேசை நடுவில் வைத்தேன். விடுதி முற்றத்துச் செவ்வந்தியில் மாலை கட்டிப் போட்டேன். இரண்டு மெழுகுதிரியும் நட்டுவிட்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைத்தேன்.

மறுநாள் பூசை வேளை முடிவதற்குள் கோயில்காரி எங்கள் குசினி வாசலில் நின்றார். கையில் பழைய பத்திரிகையில் சுற்றிய மாதா. அவர் கத்தவில்லை. இது யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். எங்களோடு இருந்த மன்னார் அக்கா தலையில் கை வைத்தா.

"ஒரு காலை ஊண்ட இடம் கிடைக்குமோ எண்டு நிக்கிறம். நீ அதுக்குள்ளை மாதாவைக் கொண்டுபோய் அதுகளின்ரை மேசையிலை வைச்சிட்டு வாறாய்."

"லூர்து மாதாவும் பிரான்சிலை இருந்து வந்தவதானே அக்கா," என்றேன். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மன்னிப்புக் கேட்கப் பின்னாலேயே போனேன். கோயில்காரி என்னை ஊர் அருங்காட்சியக அறைக்குள் கூட்டிப்போய், ஒரு பழைய படத்தின் முன்னால் நிறுத்தி, கோபம் ஆறாமலே கதையைச் சொன்னார். அவர்களுடைய முன்னோர் பிரான்சில் தொஃபினே என்ற மாகாணத்து மலைக்காரர்கள். முன்னொரு காலம் அது தனி நாடு போல இருந்ததாம். வாரிசில்லாத பிரபு ஒருவன் அதைப் பிரெஞ்சு அரச குடும்பத்துக்கு விற்றுவிட்டான். நாடு கைமாறியது, மலைக்காரர்கள் மாறவில்லை. தங்கள் வேதத்தைத் தங்கள் பாட்டில் வாசித்தார்கள், அதற்காக நூற்றாண்டு நூற்றாண்டாக அடிவாங்கினார்கள். கடைசியில் அரசன் அவர்களுக்கிருந்த பாதுகாப்பையும் எடுத்துவிட்டு, மனம் மாறும்வரை வீட்டுக்கு வீடு படையாட்களைக் குடியிருத்தினான். என் மாதாவைப் போன்ற சுரூபத்தின் முன்னால்தான் முழந்தாளிடச் சொன்னார்கள். மறுத்த ஆண்கள் கப்பலில் துடுப்பு வலிக்கப் போனார்கள், பிள்ளைகள் பறிபோனார்கள். மிஞ்சியவர்கள் வேதப்புத்தகத்தை ரொட்டிக்குள் வைத்துச் சுட்டு, மலை ஏறித் தப்பினார்கள். சுவிஸ்காரர் சோறு போட்டு அடுத்த ஊருக்குத் தள்ளிவிட்டார்கள். போரில் பாழான இந்த நிலத்தை இங்கிருந்த கோமகன் கொடுத்தான். அயலூர்க்காரர், எங்கள் விறகை வெட்டுகிறார்கள், எங்கள் புல்லை மேய்க்கிறார்கள் என்று முறைப்பாடு வைத்தார்கள். வரப்போகும் விழா, அந்தத் துரத்தலின் முந்நூறாம் ஆண்டு நினைவு.

எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. அந்த மேசையில் மாதாவை வைத்தது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளங்கியது. அதே நேரம் கோபமும் வந்தது. இவ்வளவும் தெரிந்துகொண்டா எங்களைத் துரத்த மனு எழுதினார்கள்?

புதன்கிழமை சபை கூடியது. வாயைப் பொத்திக்கொண்டு இரு என்று அக்கா கெஞ்சினா. நான் சேலை உடுத்து, மேலே தர்மமாய்க் கிடைத்த பழைய குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு, மாதாவைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வேறு யாராவது பேசுகிறீர்களா என்று தலைவர் கேட்டதும் எழும்பினேன். என் ஜேர்மனில் கல்லும் முள்ளும்தான். ஆனாலும் நிறுத்தவில்லை. மாதாவை எடுத்துக் காட்டினேன்.

"இவவை உங்கடை மேசையிலை வைச்சது பிழை. அதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இவவைக் கொண்டு வந்ததுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டன். நீங்கள் வேதத்தை ரொட்டிக்குள்ளை கொண்டு வந்தனீங்கள், நான் இவவைப் பால்மாப் பேணிக்குள்ளை கொண்டு வந்தனான்."

ஒருவர் எழும்பி, எங்கள் முன்னோர் விசுவாசத்துக்காக வந்தார்கள், நீங்கள் வசதிக்காக வந்திருக்கிறீர்கள் என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன் போல.

"உங்கடை ஆக்களுக்கு நிலம் குடுத்தவை, விறகு குடுத்தவை, கொஞ்சக் காலம் வரியும் கேக்கேல்லை. எல்லாம் உங்கடை அருங்காட்சியகச் சுவரிலை எழுதிக் கிடக்கு. எங்களுக்குக் கிழமைக்கு ஒரு பெட்டி உருளைக்கிழங்கு. வேலை தாங்கோ, நாங்களே வாங்கிச் சாப்பிடுவம். எனக்குப் புருஷன் இருக்கிறார். அவர் வாறதுக்கு ஒரு கையெழுத்து வேணும். வேறை ஒண்டும் கேக்கேல்லை."

மாதாவைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். எல்லோரும் கோயில்காரியைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக எழும்பினார். மேசையில் கண்டதைத் தன்னால் மறக்க முடியாது என்றார். ஆனால் விழாவுக்கு முந்திய புதன்கிழமை அகதிகளைத் துரத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு கோயில் மணி அடிப்பது என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. ஒரே ஒரு கை வித்தியாசத்தில் விடுதி தப்பியது. அடுத்த நாள் தலைவர் கையெழுத்து வைத்தார்.

விழா ஊர்வலம் காட்டுக்குள், மாவட்ட எல்லைக்கு அப்பால் இருந்து புறப்படும். முன்னோர் வந்த பாதை அதுதானாம். சனிக்கிழமை கோயில்காரி என்னிடம் வந்து, நீயும் நடக்கிறாயா என்று கேட்டார். கையில் வெள்ளைத் தொப்பியும் முரட்டுப் பாவாடையும் ஒரு துணி மூட்டையும் இருந்தன. அவர்களுடைய முன்னோரைப் போல உடுத்தும் அகதி வேஷம்.

"எனக்கு வேஷம் வேண்டாம்," என்றேன். "நான் வந்த உடுப்பு என்னட்டை இருக்கு."

பெர்லினில் இறங்கிய அதே சேலை, அதே தோல் கிழிந்த பை. எல்லையைத் தாண்ட அனுமதி கேட்டு நான் எந்தக் கந்தோருக்கும் போகவில்லை. நடந்து போய், அவர்களோடு சேர்ந்து, திரும்பி நடந்து வந்தேன். எல்லைக் கல்லடியில் பொலிஸ்காரர் ஒருவர் நின்றார். முன்பு இரண்டு தடவை பஸ்ஸில் ஏறி என் கடதாசியைச் சோதித்த ஆள். அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கார்களை மறித்தார், நாங்கள் போகும்வரை.

மார்கழியில் கணவர் வந்தார். பஸ்ஸால் இறங்கியதும், வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லிக் கும்பிடக் கோயிலுக்குப் போகவேண்டும் என்று நின்றார். கூட்டிப் போனேன். வெள்ளைச் சுவரையும் வெறும் மேசையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இஞ்சை மாதா இல்லையோ?"

"இல்லை. நான் வைச்சுப் பாத்தனான், தூக்கிப்போட்டினம்," என்றேன். "எங்களையும் தூக்கப் பாத்தவை. ஏலேல்லை."