சாரின் இடது கை

எங்கள் எலக்ட்ரிக்கல் லேப் சார் ஒல்லியாக, நரைத்த மீசையோடு இருப்பார். கரண்ட் ஓடும் எதைத் தொடப் போனாலும் அவர் இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் போய்விடும்.

"கைக்கு என்னாச்சு சார்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் ஆவல. ஆவக்கூடாதுன்னுதான் உள்ள வெச்சிகினுகீறேன். ரெண்டு கையும் பட்டா கரண்ட் நெஞ்சு வழியா போவும்பா."

எனக்குத் திக்கென்றது. ஆரணியில் எங்கள் வீட்டில், அப்பா ஒரு கையால் விசைத்தறியைப் பிடித்துக்கொண்டுதான் மறு கையால் சுவிட்ச் போடுவார். அன்றைக்கே போய்ச் சொன்னேன்.

"லுங்கில ஏதுடா பாக்கெட்டு?" என்று சிரித்தார்.

மறுநாள் சாரிடம் அதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. கையை வெளியே எடுத்து, முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டார். "இப்டி வெச்சிக்கச் சொல்லு." அதன்பின் அவரும் பாக்கெட்டுக்குள் கை விடவே இல்லை.

இப்போதெல்லாம் அப்பா சுவிட்ச் போடும்போது பின்னாலிருந்து பார்த்தால், சார் நிற்கிற மாதிரியே இருக்கிறது.