இருபது எலுமிச்சை

போன சனிக்கிழமை டீச்சரம்மா என் கடை மேசையிலேயே எலுமிச்சம்பழத்தைக் கொட்டி எண்ணினார்கள்.

ஒண்ணு, ரெண்டு, மூணு... இருபது.

மறுபடியும் எண்ணினார்கள். அப்போதும் இருபதுதான்.

“அக்கா, உங்கட ஒரு கிலோவுக்கு எப்பவும் இருபத்திரண்டு பழம் நிக்கும். இண்டைக்கு என்ன?”

புக்கிட் காத்தில் என்கிற எங்கள் ஊர்ச் சந்தையில், காலைப் பசாரில், பதினெட்டு வருஷமாகக் கடை போடுகிறேன். எலுமிச்சை, இஞ்சி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம். இதுவரைக்கும் ஒருத்தர்கூட என் எடையைக் கேள்வி கேட்டதில்லை. கேட்க விட்டதும் இல்லை. “அம்மா கை நிறைஞ்ச கை” என்று இந்த ரெண்டு மூணு வருஷமாகக் கிளேபாங்கிலிருந்துகூட ஆள் வருகிறது. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சரம்மா யாழ்ப்பாணத்து வழி. தெங்கேராவில் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்கள். ஊறுகாய் போடக் கிலோ கணக்கில் எலுமிச்சை வாங்குவார்கள். அவர்கள் எண்ணினால் தப்பாது.

தராசிலும் தப்பில்லை. அதுதான் கஷ்டமே!

மூணு வாரத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். அளவை ஆபீஸிலிருந்து ஒருத்தர் பசாருக்கு வந்தார். மலாய்க்காரர், நல்ல மரியாதை. என் தராசின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்தார். எந்த வருஷத்து ஸ்டிக்கர் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? வருஷம் போட்ட இடத்தில்தான் நான் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் குங்குமம் வைக்கிறேன்!

அவர் விரலால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு. அதுக்கு அடியில் நம்பர் வந்தது. மூணு வருஷத்துக்கு முந்தியது.

வருஷா வருஷம் தராசைக் கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்கவேண்டும். சட்டம். எனக்கும் தெரியும். நான்தான் மூணு வருஷமாகப் போகவில்லை. ஏன் போகவில்லை? நான் படித்தது எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் வகுப்பு. ஆனால் கையில் தூக்கினாலே எடை சொல்லிவிடுவேன். எனக்கு எதுக்கு இன்னொருத்தன் முத்திரை? அப்படி ஒரு நினைப்பு.

இந்தத் தடவை எச்சரிக்கையோடு விடுகிறேன், அடுத்த தடவை அபராதம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே தராசைத் துணியில் சுற்றி அளவை ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு தொழிலாளி ஒரு கிலோ படிக்கல்லை என் தராசில் வைத்தார். பளபளவென்று இருந்தது அந்தக் கல், சாமி நகை மாதிரி.

தராசு காட்டியது: தொள்ளாயிரத்து முப்பது கிராம்.

பதினெட்டு வருஷம்... ஊரை ஏமாற்றிவிட்டேனா என்று வாய்விட்டே கேட்டேன்.

அவர் தட்டைக் கழற்றினார். அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. காய்ந்த சந்தனம். ஆயுத பூசைக்கு மேலே வைக்கிறது பத்தாது என்று தட்டுக்கு அடியிலும் அப்புவேன். துடைத்தால் பாவம் என்று துடைக்க மாட்டேன். மூணு வருஷச் சந்தனம் ஒன்றுமேல் ஒன்று ஏறி, தட்டு கீழே இறங்கவிடாமல் முட்டுக்கொடுத்து நின்றிருக்கிறது.

“மாக்சிக்,” என்றார் மலாயில், அத்தை என்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே, “நீங்க யாரையும் ஏமாத்தலை. உங்க தராசுதான் உங்களை ஏமாத்தியிருக்கு.”

புரிகிறதா? தராசு குறைத்துக் காட்டியிருக்கிறது. அதை ஒரு கிலோவுக்கு ஏற்ற நான் கூடக் கூடப் போட்டிருக்கிறேன். சரக்கு ஏன் சீக்கிரம் தீருகிறது என்று நானும் யோசித்ததுண்டு. வெயிலில் காய் வாடுகிறது, எடை போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

கட்டியைச் சுரண்டி, சோதித்து, புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்.

அன்றையிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு. வீட்டில் உட்கார முடியவில்லை. ஒரு கிலோ சீனிப் பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்ப்பேன். சரியாக இருக்கும். எடுப்பேன், மறுபடி வைப்பேன். சரியாகத்தான் இருக்கும். தராசு சரியாகிவிட்டது... என் பேர் என்ன ஆகும்?

நினைத்தபடியே ஆச்சு. முதலில் லெட்சுமி. லாரி ஓட்டுகிறவர் பெண்சாதி, வாய் சும்மா இருக்காது. வெங்காயப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, கை சுருங்கிப் போச்சா? வயசாச்சுலா” என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். ரெண்டு வாரம் மழுப்பினேன். ரெண்டு பேர் பக்கத்துக் கடைக்குப் போனதையும் பார்த்தேன்.

இப்போது டீச்சரம்மா. பின்னால் அதே லெட்சுமி, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

பழம் இந்த வாரம் பெருசு என்று ஒரு பொய் சொன்னால் போதும். நிறைஞ்ச கை என்கிற பேர் தப்பித்துவிடும். நாக்கு வரைக்கும் வந்தது.

ஆனால் அவர்கள் கணக்கு டீச்சர். வீட்டில் நிறுத்துப் பார்க்க மாட்டார்களா?

கடைக்கும் கையோடு கொண்டுவந்திருந்த சீனிப் பாக்கெட்டை எடுத்துத் தராசில் வைத்தேன். “பாருங்க டீச்சரம்மா. சரியா ஒரு கிலோ. இத்தனை நாளாத்தான் தப்பு.” குங்குமம், சந்தனக்கட்டி, தொள்ளாயிரத்து முப்பது, எல்லாத்தையும் சொல்லிவிட்டேன்.

லெட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்போ எங்களுக்கு அள்ளிக் கொடுத்தது அம்மா இல்லையா? சந்தனமா?”

சுருக்கென்றது. உண்மைதானே?

டீச்சரம்மா சிரிக்கவில்லை. பழத்தை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார்கள். பிறகு மெதுவாக, “வீட்டிலை நிறுக்கேக்கை கூடத்தான் இருக்கும். எனக்குத் தெரியும். உங்கட பெரிய மனசெண்டு நினைச்சு, சொல்லாமல் இருந்திட்டன்” என்றார்கள். கணக்கு டீச்சருக்குத் தலை குனிந்திருந்தது.

தெரிந்தே வாங்கினவர்களும் தெரியாமலே கொடுத்தவளும் ஒரு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றோம். யாரை யார் குற்றம் சொல்வது?

இந்த ஆயுத பூசைக்குப் பொட்டு மேசைக் காலுக்குத்தான். தராசைத் தொடமாட்டேன்.

டீச்சரம்மா கிளம்பினார்கள். “கொஞ்சம் நில்லுங்க” என்றேன். கூடையிலிருந்து நல்ல பழமாக ரெண்டு பொறுக்கி அவர்கள் பையில் போட்டேன். லெட்சுமி பார்க்கட்டும் என்றுதான் போட்டேன்.

அந்த ரெண்டு பழம் மட்டும் தராசில் ஏறவே இல்லை.